சாய்ந்தால்தான் திரும்பும்: ரிமோட் டர்ட் பைக் வாங்க நினைப்பவர்களுக்கு

"ரிமோட் கார் நல்லாவே ஓட்டுவேன். பைக்குன்னா ரெண்டு சக்கரம் குறைவு, அவ்வளவுதானே?" இதை என்னிடம் கேட்காத நண்பர்கள் குறைவு. அவ்வளவுதான் இல்லை என்பதை ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட இங்கே ஒருமுறை விரிவாக எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். கொஞ்சம் நீளும். பைக் வாங்கும் ஆசை உண்மையிலேயே இருப்பவர்கள் பொறுமையாகப் படியுங்கள்.

கார் நின்றாலும் நிற்கும், ஓடினாலும் நிற்கும். வேகத்தைக் குறைத்தால் அது இன்னும் பத்திரம். பைக்கில் எல்லாமே தலைகீழ். மெதுவாகப் போனால் விழும், வேகம் பிடித்தால் எழுந்து நிற்கும். கார் ஓட்டிப் பழகிய கை, பயம் வந்தவுடன் த்ராட்டிலை விட்டுவிடும். பைக்கில் அந்த இடத்தில்தான் வண்டி சரியும். ஆகவே புதிதாக வருகிறவர் முதலில் மாற்ற வேண்டியது இந்த அனிச்சைப் பழக்கத்தை. அதை மாற்ற, வண்டி எப்படித் திரும்புகிறது என்பது புரிந்திருக்க வேண்டும்.

நிஜ பைக் ஓட்டுகிறவர்கள் தினமும் செய்துகொண்டு, ஆனால் கவனிக்காமலே இருக்கும் ஒரு சங்கதி உண்டு. இடது பக்கம் திரும்ப வேண்டுமானால், ஹேண்டில்பார் முதலில் கண் இமைக்கும் நேரத்துக்கு வலது பக்கம் போகிறது. டயர்கள் வலப்புறம் விலக, வண்டி இடப்புறம் சாய்கிறது. சாய்ந்த பிறகு முன்சக்கரம் தானாகவே இடது பக்கம் திரும்பிக்கொள்கிறது. கவுன்டர் ஸ்டீயரிங் என்பது இதுதான். ரிமோட் பைக்கிலும் இதே கதைதான். டிரான்ஸ்மிட்டரில் நீங்கள் இடது பக்கம் திருப்பினால், வண்டிக்குள் இருக்கும் சர்வோ என்ற சின்ன மோட்டார் முன் ஃபோர்க்கை லேசாக எதிர்ப்பக்கம் தள்ளுகிறது. வண்டி சாய்கிறது, பிறகு திரும்புகிறது. பல மாடல்களில் சர்வோவுக்கும் ஃபோர்க்குக்கும் நடுவே ஒரு ஸ்பிரிங் வைத்திருப்பார்கள். தள்ளி முடித்த பிறகு ஃபோர்க் தன் போக்கில் ஆடித் தன் கோணத்தைத் தேடிக்கொள்ள வேண்டும், அதற்காக.

நீங்கள் கட்டளை கொடுத்த அந்தக் கணத்தில் கார் திரும்பும். பைக் முதலில் சாயும், சாய்வதற்கு நேரம் எடுக்கும். வளைவு வருவதற்கு முன்பே திருப்பத் தொடங்க வேண்டும். ஒரே இடத்தில் வட்டமடிப்பதெல்லாம் நடக்காது. இதைக் குறையாக நினைப்பவர்களுக்கு இந்தப் பொழுதுபோக்கு ஒத்துவராது. எனக்கு இதில்தான் ருசியே. நன்றாகச் சாய்ந்து, புழுதியைப் பின்னால் வாரி இறைத்தபடி ஒரு அகலமான வளைவை முடித்து நிமிரும்போது, அது பொம்மை என்பதே மறந்துவிடும்.

இந்த வண்டிகள் நேற்று வந்தவை அல்ல. ஜப்பானின் கியோஷோ நிறுவனம் 1980களிலேயே எலெக் ரைடர் என்ற ரிமோட் பைக்கை விற்றது. பிறகு அதே நிறுவனத்தின் ஹேங் ஆன் ரேஸர் வரிசையில் ஹோண்டா என்எஸ்ஆர்500 பைக்கின் 1/8 அளவு மாதிரி வந்தது. அவை சாலைப் பந்தய பைக்குகள். வழவழப்பான தரையில் வேகமாக ஓடும்போது அழகாக நிற்கும். மேடு பள்ளத்தில் ஓட்டுவது வேறு சமாசாரம். ஒரு சின்னக் கல் முன்சக்கரத்தைத் தட்டினால் போதும், எல்லாம் முடிந்தது. மண்ணில் ஓடும் பைக்கை நிமிர்த்தி வைக்க ஒரு கூடுதல் உதவி தேவைப்பட்டது. அந்த உதவிதான் ஃப்ளைவீல்.

கனமான ஒரு வட்டு மிக வேகமாகச் சுழல்கிறது என்று வையுங்கள். வண்டி இடது பக்கம் விழப் பார்த்தால், சுழலும் வட்டு அந்த விசையை வாங்கிக்கொண்டு வண்டியின் மூக்கை இடது பக்கமே திருப்பிவிடும். விழும் பக்கம் திரும்பினால் சக்கரங்கள் மறுபடி எடைக்கு அடியில் வந்து சேரும். வண்டி நிமிரும். ஜைரோ விளைவு என்று பள்ளியில் படித்தது இதுதான். 1909இல் லூயி பிரென்னன் என்ற பொறியாளர் இங்கிலாந்தின் கில்லிங்ஹாமில் ஒற்றைத் தண்டவாளத்தில் ஆட்களை ஏற்றிக்கொண்டு ஒரு வண்டியையே ஓட்டிக் காட்டினார். அது கவிழாமல் நின்றது சுழலும் ஜைரோக்களின் தயவில்தான்.

இங்கே ஒரு சின்ன விலகல். சைக்கிளும் பைக்கும் கவிழாமல் ஓடுவதற்குச் சக்கரங்களின் ஜைரோ விளைவுதான் காரணம் என்று பலர் அடித்துச் சொல்வார்கள். 2011இல் டெல்ஃப்ட், கார்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சேர்ந்து ஒரு விசித்திரமான சைக்கிள் செய்தார்கள். அதன் சக்கரங்களோடு எதிர்த்திசையில் சுழலும் சக்கரங்களைப் பொருத்தி ஜைரோ விளைவையே இல்லாமல் ஆக்கிவிட்டார்கள். முன்சக்கரம் தானாகத் திரும்ப உதவும் ட்ரெயில் அமைப்பையும் எடுத்துவிட்டார்கள். ஆள் இல்லாமல் தள்ளிவிட்டபோதும் அது நிமிர்ந்து ஓடியது. சயின்ஸ் இதழில் அந்தக் கட்டுரை வந்தது. எடை எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதும் சமநிலையைத் தீர்மானிக்கிறது என்பது அதன் சாரம். ரிமோட் பைக்கில் பேட்டரியை நினைத்த இடத்தில் ஒட்டவைத்து ஓட்டக் கூடாது என்று நான் சொல்வதற்கு இதுவும் காரணம். தயாரிப்பாளர் கொடுத்த இடத்தில், கொடுத்த எடையில் பேட்டரி இருக்கட்டும்.

மண் பைக்குகளுக்கு வருவோம். ட்யூராட்ராக்ஸ் நிறுவனத்தின் 1/5 அளவு டிஎக்ஸ்450 போன்ற வண்டிகளில் ஃப்ளைவீல் பின்சக்கரத்துக்குள்ளேயே இருந்தது. சக்கரம் வேகம் பிடிக்கும்போதுதான் அதுவும் வேகம் பிடிக்கும் என்பதால், உதவி அதிகம் தேவைப்படும் மெதுவான ஓட்டத்தில் அது சோர்ந்திருக்கும். 2023இல் லோசி நிறுவனம் ப்ரோமோட்டோ எம்எக்ஸ் என்ற 1/4 அளவு பைக்கைக் கொண்டுவந்தபோது ஃப்ளைவீலுக்குத் தனி மோட்டார் கொடுத்தது. வண்டி ஊர்ந்தாலும் வட்டு தன் வேகத்தில் சுழல்கிறது. கூடவே வண்டியின் ஆட்டத்தை உணர்ந்து ஸ்டீயரிங்கைத் திருத்தும் மின்னணுச் சுற்றும் உண்டு. தெற்குக் கலிஃபோர்னியாவில் லோசி குடும்பத்தார் தொடங்கிய இந்த நிறுவனம் இப்போது இல்லினாய்ஸில் இருக்கும் ஹரைசன் ஹாபியின் கையில் இருக்கிறது. கடைக்குப் போய் எடுத்துவந்து அன்றே மண்ணில் ஓட்டக்கூடிய பைக் என்று நான் தயங்காமல் காட்டுவது இதைத்தான். விலைதான் உறைக்கும். வெளியானபோதே 600 டாலருக்கு மேல். பேட்டரியும் சார்ஜரும் சேர்ந்த பெட்டியா, இல்லையா என்று பார்த்து வாங்குங்கள்.

"அதுக்குப் பத்தில் ஒரு பங்கு விலையில ஆன்லைன்ல இருக்கே?" இருக்கிறது. அவை பெரும்பாலும் பொம்மைகள். வாங்குவதற்கு முன் இரண்டு கேள்வி கேளுங்கள். த்ராட்டிலை எவ்வளவு அழுத்துகிறோமோ அவ்வளவு வேகம் வருமா, அல்லது ஓடு, நில் என்று இரண்டே நிலைதானா? உடைந்த பாகம் தனியாகக் கிடைக்குமா? இரண்டுக்கும் 'ஆம்' என்று பதில் வந்தால்தான் அது பொழுதுபோக்குக்கான வண்டி. பாகம் கிடைப்பதை நான் வேகத்துக்கும் அழகுக்கும் மேலாக வைப்பேன். பைக் விழும். விழாமல் கற்றுக்கொண்டவர் யாரும் இல்லை. ஹேண்டில்பார், லீவர், ஃபுட்பெக், மேலே உட்கார்ந்திருக்கும் பொம்மை ஓட்டியின் கைகள், இவைதான் முதலில் போகும். ஐந்து டாலர் பாகம் கிடைக்காமல் ஒரு வண்டியைப் பரணில் ஏற்றுவதைப் போலக் கொடுமை இல்லை.

அவ்வளவு செலவு செய்யத் தயாராக இல்லை, ஆனால் சாய்ந்து திரும்பும் சுகம் வேண்டும் என்பவர்களுக்குத் தமியாவின் டான்சிங் ரைடர் நல்ல தேர்வு. மூன்று சக்கரம், நாமே பூட்டிச் செய்யும் கிட், வளைவில் சாய்ந்து போகும். மண்ணுக்கானது அல்ல. ஆனால் எதை எங்கே முடுக்குகிறோம் என்று கை அறிந்துகொள்ள அதைவிட நல்ல பாடம் இல்லை.

நான் டெக்சாஸில் இருப்பதால் கடையும் உதிரிபாகமும் எட்டும் தூரத்தில் இருக்கின்றன. ஊரில் இருந்து கேட்பவர்கள் பலர், யாராவது வரும்போது வாங்கி வரச் சொல்கிறார்கள். அவர்களுக்கு முக்கியமான ஒன்று: பைக்கைப் பெட்டியில் போடலாம், தனி லித்தியம் பேட்டரியைச் செக்-இன் பெட்டியில் போடக் கூடாது. அது கைப்பையில்தான் வர வேண்டும், முனைகளில் டேப் ஒட்டி. 100 வாட்-மணி வரை விமானத்தில் பொதுவாக அனுமதி உண்டு. 7.4 வோல்ட், 5000 எம்ஏஎச் பேட்டரி என்றால் 37 வாட்-மணிதான், பிரச்சினை இல்லை. கொண்டுவருபவரிடம் இதைத் தெளிவாகச் சொல்லி அனுப்புங்கள். பாவம், அவர் விமான நிலையத்தில் மாட்டிக்கொள்ளக் கூடாது.

பேட்டரி என்று வந்துவிட்டதால் அதையும் முடித்துவிடுகிறேன். இந்த ஒரு விஷயத்தில் நான் கண்டிப்பானவன். லைப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரியின் ஒவ்வொரு செல்லும் முழுதாகச் சார்ஜ் ஆனால் 4.2 வோல்ட். ஓட்டும்போது 3.2 வோல்ட்டுக்குக் கீழே போக விடாதீர்கள். வேகக் கட்டுப்பாட்டுக் கருவியில் லைப்போவுக்கான கட்-ஆஃப் போட்டிருக்கிறதா என்று முதல் நாளே பாருங்கள். சார்ஜ் செய்யும் மின்னோட்டம் பேட்டரியின் கொள்ளளவுக்குச் சமமாக இருக்கட்டும். 5000 எம்ஏஎச் என்றால் 5 ஆம்பியர். சார்ஜரில் லைப்போ, பேலன்ஸ் என்ற அமைப்புகளைத் தேர்ந்தெடுங்கள். வேறு வகைப் பேட்டரிக்கான அமைப்பில் லைப்போவைச் சார்ஜ் செய்வது தீயை விலைக்கு வாங்குவது. ஒரு வாரம் ஓட்டப் போவதில்லை என்றால் செல்லுக்கு 3.8 வோல்ட் அளவில் ஸ்டோரேஜ் நிலைக்குக் கொண்டுவந்து வையுங்கள். உப்பிய பேட்டரியை மறுபடி சார்ஜ் போடாதீர்கள். வெயிலில் நிறுத்திய காருக்குள் விடாதீர்கள். தூங்கப் போகும்போதும் வீட்டில் ஆள் இல்லாதபோதும் சார்ஜ் போடவே போடாதீர்கள். வீட்டில் சின்னக் குழந்தைகள் இருந்தால் இதை ஒரு காகிதத்தில் எழுதிச் சார்ஜருக்கு மேலே ஒட்டிவிடுங்கள்.

இனி இடம். 1/4 அளவு வண்டிக்கு உலகமே நான்கு மடங்கு பெரிது. மூன்று சென்டிமீட்டர் கல் என்பது அதற்குப் பன்னிரண்டு சென்டிமீட்டர் பாறை. நமக்குச் சரளை என்று தோன்றுவது அதற்கு மலைப்பாதை. நல்ல தரை எது என்றால், இறுகிய மண், அதற்கு மேலே விரல் நுனி அளவு தளர்ந்த புழுதி. டயரின் புடைப்புகள் அதில் கடித்துப் பிடிக்கும், அதே சமயம் பின்சக்கரம் கொஞ்சம் வழுக்கவும் செய்யும். உயரமான புல் வேண்டவே வேண்டாம். அது செயினிலும் அச்சிலும் சுற்றி மோட்டாரைச் சூடேற்றும். தார்ச்சாலை டயரின் புடைப்புகளைத் தின்றுவிடும். தமிழ்நாட்டில் கோடையில் வற்றிக் கிடக்கும் ஏரித் தரை, வெடிப்பு விடாத இடமாகப் பார்த்தால், இதற்கென்றே செய்ததுபோல் இருக்கும். ஆடு மாடு மேயாத, பிள்ளைகள் விளையாடாத நேரமாகப் போங்கள். வேகமாக வரும் வண்டி கணுக்காலில் மோதினால் எலும்பு பேசும்.

முதல் நாள். டிரான்ஸ்மிட்டரில் த்ராட்டில் அளவைப் பாதியாகக் குறைக்கும் வசதி இருந்தால் குறையுங்கள். ரேடியோ தொடர்பு அறுந்தால் வண்டி தானாக நிற்கிறதா என்று, பின்சக்கரத்தைத் தூக்கிப் பிடித்தபடி சோதியுங்கள். பிறகு வண்டியைக் கையால் நேராகத் தள்ளிவிட்டுப் பாருங்கள். ஒரு பக்கமாகவே இழுத்தால், நேராக ஓடும்படி டிரான்ஸ்மிட்டரில் ட்ரிம்மைத் திருத்துங்கள். இதைச் சரிசெய்யாமல் ஓட்டத் தொடங்குபவர்கள், வண்டியின் கோளாறைத் தங்கள் கையின் கோளாறு என்று நினைத்து மனம் சோர்ந்துவிடுகிறார்கள்.

ஃப்ளைவீலை முடுக்கி அது வேகம் பிடிக்கும் வரை வண்டியை நிமிர்த்திப் பிடித்துக்கொள்ளுங்கள். மெல்ல விட்டு, தயங்காமல் த்ராட்டில் கொடுங்கள். நேராக ஓடட்டும். பின் மிக அகலமாக ஒரு நீள்வட்டம். த்ராட்டிலை ஒரே அளவில் வைத்துத் திருப்பத்தை மட்டும் கவனியுங்கள். ஒரு பக்கம் சுற்றிச் சுற்றி கை பழகிய பிறகு எதிர்ப்பக்கம். அதற்கும் பிறகு எட்டு போடுங்கள். லைசன்ஸ் வாங்க ஆர்டிஓ முன்னால் போட்ட அதே எட்டுதான், ஆனால் மைதானம் கொள்ளும் அளவுக்குப் பெரிதாக. வண்டி அதிகமாகச் சாய்ந்து சரியப் போகிறது என்று தோன்றினால் த்ராட்டிலை விடாதீர்கள், கொஞ்சம் கூட்டுங்கள். நிமிரும். பிரேக் போடுவது எப்போதும் நேராக ஓடும்போது. சாய்ந்திருக்கும்போது பிரேக் போட்டால் நடந்துபோய் எடுத்துவர வேண்டியதுதான். இந்தப் பொழுதுபோக்கில் நடை கணிசமாக உண்டு. உடம்புக்கு நல்லது.

எல்லோரையும் குழப்பும் இடம், வண்டி நம்மை நோக்கி வரும்போது இடமும் வலமும் மாறிப்போவது. இதற்கு நான் சொல்லும் வழி: வண்டி உங்கள் கண்ணுக்கு எந்தப் பக்கம் சாய்ந்து தெரிகிறதோ, அதே பக்கம் திருப்புங்கள். சாயும் சுவருக்கு முட்டுக் கொடுப்பது மாதிரி. நம்மை நோக்கி வரும் வண்டி அதில் நிமிர்ந்துவிடும். இடமா வலமா என்று மூளை கணக்குப் போட வேண்டிய அவசியமே இருக்காது. ரிமோட் விமானம் ஓட்டுபவர்கள் காலங்காலமாகச் செய்வது இது. பைக்கும் சாயும் வண்டி என்பதால் இதற்கும் பொருந்துகிறது.

ராம்ப் வைத்துப் பறப்பதைப் பற்றிக் கேட்பீர்கள். காணொலி பார்த்து இதற்காகவே வருகிறவர்கள்தான் அதிகம். அகல வட்டமும் எட்டும் யோசிக்காமல் வரும் வரை அதைத் தொடாதீர்கள். வந்த பிறகு முழங்கால் உயரத்துக்கும் குறைவான மண்மேட்டில் தொடங்குங்கள். மேட்டில் ஏறும்போது த்ராட்டில் மாறக் கூடாது, வண்டி நேராக இருக்க வேண்டும். சாய்ந்தபடி ஏறினால் சாய்ந்தபடியே இறங்கும். காற்றில் இருக்கும்போது உங்கள் கையில் ஒரு மந்திரம் இருக்கிறது. த்ராட்டில் கொடுத்தால் பின்சக்கரம் வேகமாகச் சுழல, அதன் எதிர்விசையில் வண்டியின் மூக்கு மேலே எழும். பிரேக் தட்டினால் மூக்கு கீழே வரும். நிஜ மோட்டோகிராஸ் வீரர்களும் இதைத்தான் செய்கிறார்கள். பின்சக்கரம் கொஞ்சம் முந்தித் தரையைத் தொட, லேசாக த்ராட்டில் கொடுத்தபடி இறங்குவது நல்ல இறக்கம். முதல் தடவை அது சரியாக அமையும்போது நீங்கள் சத்தமாகச் சிரிப்பீர்கள், நான் உறுதியாகச் சொல்கிறேன்.

வீட்டுக்கு வந்ததும் வண்டியை மூலையில் சாய்த்துவிட்டுக் குளிக்கப் போகாதீர்கள். பழைய பெயின்ட் பிரஷால் மண்ணைத் தட்டுங்கள். செயினை விரலால் அழுத்திப் பாருங்கள். கொஞ்சம் தொய்வு இருக்க வேண்டும், சஸ்பென்ஷன் அமுங்கும்போது அது இழுபடும். இறுக்கி வைத்த செயின் பேரிங்கைக் கொல்லும், தொளதொளத்த செயின் பல்சக்கரத்திலிருந்து கழன்றுவிடும். சக்கரங்களைக் கையால் சுற்றிக் காதோடு கேளுங்கள். கரகரத்தால் பேரிங்கில் மண் போயிருக்கிறது. உலோகத்தில் ஏறும் ஸ்க்ரூ எல்லாவற்றுக்கும் நீல நிற த்ரெட்லாக் ஒரு சொட்டு, பிளாஸ்டிக்கில் ஏறுபவற்றுக்கு வேண்டாம். செயினுக்கும் பல்சக்கரத்துக்கும் நடுவே விரலை வைக்கும் எந்த வேலைக்கும் முன்பாகப் பேட்டரியைக் கழற்றிவிடுங்கள். குழந்தைகளுக்கு முதலில் சொல்லிக்கொடுக்க வேண்டியதும் இதுதான்.

தனியாக ஓட்டுவதைவிட இருவராக ஓட்டுவது நல்லது. ஒருவர் ஓட்ட மற்றவர் பார்த்தால், எங்கே த்ராட்டிலை விடுகிறோம் என்பதை அவர்தான் சொல்ல முடியும். கடனாக ஒரு பேட்டரி, ஒரு ஸ்க்ரூ கிடைக்கும். ஒருவர் பைக் வாங்கி இருவர் மாற்றி மாற்றி ஓட்டினாலும் தவறில்லை.

பட்ஜெட் போடும்போது பைக்கின் விலையோடு இரண்டு பேட்டரி, நல்ல சார்ஜர், ஒரு மாற்றுச் செயின், ஒரு ஹேண்டில்பார் இவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்தத் தொகை இப்போது கையில் இல்லையென்றால் இன்னும் சில மாதம் சேமியுங்கள். மட்டமான ஒரு வண்டியை வாங்கி, இது நமக்கு வராது என்று முடிவுகட்டிவிடாதீர்கள்.